மலாவி தேர்தலைப் பார்க்க ஆள் போகலாமா, பணம் மட்டும் அனுப்பலாமா?

நடைவண்டி (கேள்வி)

வணக்கம். நாங்கள் 11 பேர், ஒன்றாகப் படித்தவர்கள். இப்போது ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறோம். வருடா வருடம் பணம் சேர்த்து ஏதாவது ஒரு காரியத்துக்குக் கொடுப்போம். இதுவரை பெரும்பாலும் பிள்ளைகளின் படிப்புச் செலவுதான்.

எங்களில் ஒருவன் ஆப்பிரிக்க நாடான மலாவியில், ஸோம்பாவில், இரண்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தான். அவனிடம் படித்த பையன் ஒருவன் இப்போது அங்கே ஓர் உள்ளூர்த் தேர்தல் பார்வையாளர் குழுவில் வேலை செய்கிறான். 2025 செப்டம்பர் 16 அன்று அங்கே தேர்தல் நடந்தபோது, விடியும் முன்பே சித்தெஞ்சே துணியைப் போர்த்திக்கொண்டு வரிசையில் நிற்கும் பாட்டிகளின் படங்களை அனுப்பினான். அன்றிலிருந்து எங்கள் வாட்ஸப் குழுவில் இதே பேச்சு.

ஐந்து பேர் 2030 தேர்தலுக்குப் பார்வையாளராகப் போகத் தயார். டிக்கெட், தங்குமிடம் எல்லாம் அவரவர் செலவு. மற்றவர்கள், அந்தப் பணத்தை அங்கே இருக்கிறவர்களிடமே கொடுத்துவிடலாம் என்கிறார்கள். ஒருவன் மொபைல் ஆப் செய்து கொடுக்கலாம் என்கிறான். இந்தத் துறையில் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். நாங்கள் நேரில் போய் நிற்பதால் ஏதாவது பயன் உண்டா? பணம் என்றால் யாரிடம், எதற்கு? ஐந்து வருடம் இருக்கிறது, இப்போதே கேட்பது அசட்டுத்தனமாக இருந்தால் மன்னிக்கவும்.

---

எட்டாம்வாய்ப்பாடு

நண்பரே, நல்ல மனசுதான். ஆனால் இன்னொரு நாட்டுத் தேர்தலில் நமக்கு என்ன வேலை? வெளிநாட்டுப் பணம் என்றாலே உள்ளே இருக்கிற அரசுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. எகிப்தில் என்ன ஆனது என்று பாருங்கள். 2011 டிசம்பரில் வெளிநாட்டு உதவியோடு இயங்கிய அமைப்புகளின் அலுவலகங்களுக்குள் போலீஸ் புகுந்தது. 2013-இல் 43 பேருக்குத் தண்டனை. எல்லாரும் விடுதலையாக 2018 டிசம்பர் ஆயிற்று. தீர்ப்புக்கு முன்பே வெளிநாட்டுக்காரர்களில் பெரும்பாலோர் விமானம் ஏறிவிட்டார்கள். வீட்டுக்குப் போக வேறு நாடு இல்லாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

நீங்கள் அனுப்பும் பணம் அந்தப் பையனின் கழுத்தில் மணியாகக் கட்டப்படலாம். யோசித்துச் செய்யுங்கள்.

---

தாள்கட்டு

எட்டாம்வாய்ப்பாடு சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு அப்புறம் வருகிறேன்.

நடைவண்டி, நான் பல வருடம் தேர்தல் வேலை பார்த்தவள். முதலில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக, மேஜைக்குப் பின்னால். பிறகு ஒரு பன்னாட்டுக் குழுவில் குறுகிய காலப் பார்வையாளராக மூன்று நாடுகளுக்குப் போனேன். அதில் ஒன்று மலாவி, 2019 மே. எந்தக் குழு என்று கேட்க வேண்டாம், கொஞ்சம் குறையும் சொல்லப்போகிறேன்.

குறுகிய காலப் பார்வையாளர் என்றால் இவ்வளவுதான். தேர்தலுக்கு ஐந்தாறு நாள் முன்பு போய் இறங்குவோம். தலைநகரில் ஒன்றிரண்டு நாள் வகுப்பு. பிறகு இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஓர் ஓட்டுநரையும் ஒரு மொழிபெயர்ப்பாளரையும் கொடுத்து மாவட்டங்களுக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு வாய்த்தது டெட்ஸா. தலைநகர் லிலாங்வேயிலிருந்து பிளான்டயர் போகும் சாலையில் இருக்கிற மேட்டு நிலம். ஆப்பிரிக்கா என்றால் வெயில்தானே என்று மெல்லிய பருத்தித் துணிகளோடு போய், ராத்திரி பத்து மணிக்குப் பல் கிட்டியது தனிக்கதை.

தேர்தல் மே 21. காலை ஆறு மணிக்குத் தொடங்கி 11 வாக்குச்சாவடிகள் பார்த்தோம், ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம். கையில் கேள்விப் படிவம். பெட்டிக்கு சீல் இருக்கிறதா? ஆம். கட்சி முகவர்கள் இருக்கிறார்களா? ஆம். விரலில் மை வைக்கிறார்களா? ஆம். மறைப்புக்குள் ஒருவர் மட்டும் போகிறாரா? ஆம். ஒரு பொய்யும் எழுதவில்லை. அவ்வளவு ஒழுங்கான வரிசைகளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கைக்குழந்தைக்காரிகளை யாரும் சொல்லாமலே முன்னால் விட்டார்கள்.

மாலை ஆறுக்குக் கதவை மூடி, அதே வகுப்பறையில் எண்ணத் தொடங்கினார்கள். ஜனாதிபதி, நாடாளுமன்ற உறுப்பினர், வார்டு உறுப்பினர் என்று மூன்று தேர்தல்கள் ஒரே நாளில். மின்சாரம் கிடையாது, பேட்டரி விளக்குதான். தலைமை அலுவலர் ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்த மனிதர். ராத்திரி பதினொன்றுக்கு முடிவுப் படிவத்தை நிரப்பும்போது கணக்கு இடித்தது. வந்த சீட்டுகளின் எண்ணிக்கை ஒன்று. பெட்டியில் இருந்தவை, பயன்படாதவை, கெட்டுப்போனவை மூன்றையும் கூட்டினால் வேறு ஒன்று. பத்து குறைகிறது. மூன்று தடவை கூட்டினார், மூன்று தடவையும் அதே பத்து. எனக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்துவிட்டது. இரண்டாவது இலக்கத்துக்குப் போகும்போது மனசில் வைத்த ஒன்றைச் சேர்க்கவில்லை. வாய் துறுதுறுத்தது. ஆனால் பார்வையாளர் வாயைத் திறக்கக் கூடாது. கடைசியில் ஒரு முகவர்தான் கண்டுபிடித்தார், அதுவும் எதிர்க்கட்சிக்காரர். தப்பான எண்ணை ஒரே கோட்டால் அடித்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். அடித்தல் திருத்தல் உள்ள படிவம்தான், ஆனால் நான் பார்த்ததிலேயே நாணயமான படிவம் அதுதான்.

இரவு ஒரு மணி வாக்கில் சீல் வைத்த பைகள் லாரியில் ஏறின. லாரி ஒரு பக்கம் போனது, எங்கள் வண்டி இன்னொரு பக்கம் போனது. பாதுகாப்பு விதிப்படி நாங்கள் விடுதிக்குத் திரும்பியாக வேண்டும். லாரியில் ஏறிக்கொண்டது ஓர் உள்ளூர்ப் பார்வையாளர் பையன். பள்ளிக்கூட நோட்டில் படிவத்தை எண் எண்ணாகப் பெயர்த்து வைத்திருந்தான். எல்லாச் சாவடிப் படிவங்களும் போய்ச் சேருகிற தொகுப்பு மையத்தின் தரையில் இரண்டு இரவு படுத்திருந்தான் என்று பிறகு மொழிபெயர்ப்பாளர் சொன்னார். சாப்பாட்டுப் படி அவன் கைக்கு வரவே இல்லையாம். போன் ரீசார்ஜ் சொந்தக் காசு.

நடந்ததை நீங்கள் செய்தியில் படித்திருப்பீர்கள். எங்களைப் போன்ற குழுக்கள் வாக்குப்பதிவு முடிந்த இரண்டொரு நாளில் முதல் அறிக்கை கொடுத்தோம். பெரும்பாலும் பாராட்டுதான். முழு முடிவு மே 27 அன்றுதான் வந்தது. அப்போதைய ஜனாதிபதி பீட்டர் முத்தாரிக்கா 38.57 விழுக்காடு, எதிர்க்கட்சித் தலைவர் லாசரஸ் சக்வேரா 35.41. வித்தியாசம் சுமார் 1,59,000 வாக்குகள். அதற்குள் டிப்பெக்ஸ் பூசிய படிவங்கள் ஊர் வாயில் விழுந்துவிட்டன. ஆமாம், தட்டச்சுப் பிழையை மறைக்கிற அதே வெள்ளை மை. மாதக்கணக்கில் தெருவில் ஊர்வலம், இன்னொரு பக்கம் ஐந்து நீதிபதிகள் முன் வழக்கு. 2020 பிப்ரவரி 3 அன்று குண்டு துளைக்காத உடுப்போடு, ராணுவக் காவலில் அந்த ஐந்து பேரும் நீதிமன்றத்துக்கு வந்து, கிட்டத்தட்ட பத்து மணி நேரம் தீர்ப்பை வாசித்துத் தேர்தலை ரத்து செய்தார்கள். வெள்ளை மை, கையொப்பமில்லாத திருத்தங்கள், மூலப் படிவம் இருக்க வேண்டிய இடத்தில் நகல். எல்லாமே அந்த லாரி போன திசையில் கிடைத்த குற்றங்கள்.

மறுதேர்தல் 2020 ஜூன் 23. கொரோனா, எல்லைகள் மூடியிருந்தன. பெரிய பன்னாட்டுக் குழு எதுவும் வரவில்லை. சக்வேரா 58 விழுக்காட்டுக்கு மேல் வாங்கி ஜெயித்தார், முடிவு நிலைத்தது. நாங்கள் இருந்த தேர்தல் ரத்தானது, நாங்கள் இல்லாத தேர்தல் நிலைத்தது. நாங்கள் இல்லாததால்தான் நிலைத்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த "ஆம்" கட்டங்களைப் பற்றி எனக்குப் பழைய பெருமிதம் இல்லை.

மலாவி மட்டும் இல்லை. கென்யாவில் 2017 ஆகஸ்ட் 8 தேர்தலையும் பெரிய பெரிய பெயர்கள் வந்து பார்த்து நல்ல வார்த்தை சொன்னார்கள். செப்டம்பர் 1 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஜனாதிபதி தேர்தலை ரத்து செய்தது. அங்கேயும் வரிசையில் குறை இல்லை. முடிவுகள் மேலே போன வழியில்தான் குறை.

இதனால் வெளிநாட்டுப் பார்வையாளர்களே வேண்டாம் என்று முடிவு கட்டாதீர்கள். நீண்ட காலப் பார்வையாளர்கள் என்று ஒரு வகை உண்டு. ஆறேழு வாரம் முன்னாலேயே வந்து மாவட்டத்தில் தங்கி, வேட்பு மனு, ஊடகம், புகார் எல்லாம் கவனிப்பார்கள். அவர்களால் நிச்சயம் பயன் உண்டு. பயந்துபோன ஊரில் ஒரு வெளியாள் நின்றாலே அடிதடி குறைவதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஐந்து பேர், ஐந்து நாள், சொந்தச் செலவு என்பது உங்களுக்குத்தான் பயன்தரும். தேர்தல் ஆணையத்தின் அழைப்பும் அனுமதி அட்டையும் இல்லாமல் சாவடிக்குள் கால் வைக்கவும் முடியாது. 2005-இல் ஐ.நா.வில் வெளியிட்ட பன்னாட்டுப் பார்வையாளர் கோட்பாடுகளின் பிரகடனம் ஒன்று இருக்கிறது. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சொல்ல வேண்டும், தேர்தல் நடத்துகிற அரசிடமே காசு வாங்கக் கூடாது, யாரையும் தடுக்கவோ இயக்கவோ கூடாது என்றெல்லாம் அதில் இருக்கும். அதைப் படித்துவிட்டு, 11 பேர் வாட்ஸப் குழுவுக்கு இது ஆகிற காரியமா என்று நீங்களே சொல்லுங்கள்.

பணம் பற்றி: லாரியில் ஏறினானே, அவனுக்கு. அவ்வளவுதான் என் பதில்.

---

பிட்டும்பைட்டும்

அக்காவின் பதிவு அருமை. ஆனால் அந்த நோட்டுப் புத்தக வேலையைத்தானே ஒரு ஆப் செய்துவிடும்? படிவத்தைப் படம் எடுத்து ஏற்றினால் போதும். பிளாக்செயினில் போட்டால் யாரும் மாற்ற முடியாது. எங்கள் டீமில் மூன்று வாரத்தில் செய்து கொடுத்துவிடுவோம், இலவசமாக.

---

கடலோடி

ஆப் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 2013 அஜர்பைஜான் தேர்தலில் ஆணையத்தின் ஆப் ஒன்று, வாக்குப்பதிவுக்கு முந்தைய நாளே முடிவைக் காட்டியது. ஜனாதிபதி இல்ஹாம் அலியேவுக்கு 72.76 விழுக்காடு என்று. கேட்டதற்கு, அது சோதனைத் தரவு என்று ஆப் செய்தவர்கள் சொன்னார்கள்.

நான் 2016 டிசம்பரில் காம்பியாவில், பாஞ்சுலில் இருந்தேன், துறைமுக வேலை. அங்கே வாக்குச்சீட்டே இல்லை, கோலிக்குண்டுதான். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தகர டிரம், அவர் நிறம் அடித்து, படம் ஒட்டியிருக்கும். மறைப்புக்குள் போய் மேலே இருக்கிற குழாயில் குண்டைப் போட்டால் உள்ளே மணி 'டிங்' என்று ஒரு தடவை அடிக்கும். இரண்டு தடவை கேட்டால் வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் பிடித்துவிடுவார்கள். குண்டு உள்ளே விழுந்து வேறு சத்தம் எழுப்பக் கூடாது என்று அடியில் மணலோ மரத்தூளோ போடுவார்கள். சாவடிக்குப் பக்கத்தில் சைக்கிள் மணி அடிக்கக் கூடாது என்றுகூட விதி உண்டு என்றார்கள்! எண்ணுவதற்கு 200 அல்லது 500 குழி உள்ள பலகை. குழி நிரம்பினால் கணக்கு முடிந்தது, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். அந்த வருடம் சாவடியிலேயே எல்லார் கண் முன்னாலும் எண்ணினார்கள். 22 வருடம் ஆண்ட யாஹ்யா ஜாம்மே தோற்றது அந்தக் கோலிக்குண்டில்தான். முதலில் தோல்வியை ஒப்புக்கொண்டு, ஒரு வாரம் கழித்து மாட்டேன் என்றார். அக்கம்பக்கத்து நாடுகளின் படை எல்லைக்கு வந்த பிறகு, 2017 ஜனவரி 21 அன்று கிளம்பிப் போனார்.

---

தாள்கட்டு

கடலோடி, அந்த 'டிங்' கதைக்கு நன்றி. நான் வகுப்பு எடுக்கும் இடத்திலெல்லாம் இனி சொல்வேன்.

பிட்டும்பைட்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். பிளாக்செயினில் ஏற்றிய பிறகு மாற்ற முடியாது, சரி. ஏற்றுவதற்கு முன்னால் டிப்பெக்ஸ் பூசிவிட்டால்? தப்பு எண் பத்திரமாக, என்றைக்கும் அழியாமல் இருக்கும்.

படம் எடுத்து வெளியிடுவது நல்ல யோசனைதான், ஆனால் அதைச் செய்ய வேண்டியது நீங்கள் இல்லை, ஆணையம். கென்யாவில் 2022-இல் அப்படித்தான் செய்தார்கள். 46,000-க்கும் மேற்பட்ட சாவடிகளின் 34ஏ என்கிற முடிவுப் படிவங்களைப் பொது இணையதளத்தில் போட்டார்கள். பத்திரிகைகள், கட்சிகள், கல்லூரிப் பையன்கள் என்று ஆளாளுக்கு உட்கார்ந்து கூட்டினார்கள். ஆணையர் ஏழு பேரில் நான்கு பேர் முடிவை ஏற்க மாட்டோம் என்று வெளியே வந்தபோதும், எதைக் கூட்டிப் பார்ப்பது என்பதில் மக்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், முடிவு நிலைத்தது. ஆனால் ஒரு வெளியாள் ஆப் கொண்டுவந்து தேர்தல் ராத்திரியில் தனி எண் சொல்ல ஆரம்பித்தால், அது கலவரத்துக்குத் தீக்குச்சி.

உள்ளூர்க் குழுக்கள் செய்கிற இன்னொரு கணக்கு உண்டு. இணை வாக்குக் கணக்கீடு என்பார்கள். நாடு முழுவதும் சில நூறு சாவடிகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் பயிற்சி பெற்ற ஓர் ஆளை விடியலிலிருந்து எண்ணி முடிக்கும்வரை உட்கார வைப்பார்கள். அவர் படிவத்தின் எண்களைக் குறுஞ்செய்தியில் அனுப்புவார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், ஆனால் பானையை நன்றாகக் கிளறிவிட்டு எடுத்த சோறாக இருக்க வேண்டும். நகரத்துச் சாவடியாகவே எடுத்தால் மேலாகக் கிடக்கும் சோற்றைத் தொட்டுப் பார்த்த கதைதான். 2008 டிசம்பரில் கானாவின் இரண்டாம் சுற்றில் சுமார் 90 லட்சம் வாக்குகளில் வித்தியாசம் 40,586 மட்டும். உள்ளூர்ப் பார்வையாளர் கூட்டமைப்பின் மாதிரிக் கணக்கு ஆணையத்தின் எண்ணோடு ஒத்துப்போனது. தோற்றவர் தோல்வியை ஏற்றார். இதற்கு ஆப் தேவைப்படவில்லை. தெருமுனை வரைக்கும் தெரிந்த ஆள் ஒருவர், ஒரு சாதாரண போன், அதில் பேலன்ஸ்.

---

நடைவண்டி

அக்கா, ரொம்ப நன்றி. உங்கள் முதல் பதிவை எங்கள் குழுவில் போட்டதும் ஐந்து பேரில் நான்கு பேர் பயணத்தைக் கைவிட்டுவிட்டார்கள். ஆனால் இரண்டு கேள்விகள். எட்டாம்வாய்ப்பாடு சொன்ன பயம் எனக்கும் உண்டு. நம் பணத்தால் அவர்களுக்கே கெட்ட பெயர் வந்தால்? அப்புறம், நாங்கள் கொடுப்பது சக்வேரா கட்சிக்கோ முத்தாரிக்கா கட்சிக்கோ போய்ச் சேராது என்று எப்படித் தெரிந்துகொள்வது? வாத்தியார் நண்பனுக்கு வேறு சக்வேரா மேல் ஒரு பாசம்.

---

தாள்கட்டு

பாசத்தை முதலில் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். வழக்குப் போட்டு, மறுதேர்தலில் ஜெயித்த அதே சக்வேராதான் 2025-இல் தோற்றார். ஒப்புக்கொண்டு விலகினார். யாருடைய வெற்றியை நீதிமன்றம் ரத்து செய்ததோ அதே முத்தாரிக்கா திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் 2020-இல் நல்லவர் பக்கம் என்று நினைத்து ஒரு கட்சிக்குக் காசு கொடுத்திருந்தால் இன்று உங்களுக்கு வயிற்றெரிச்சல்தான் மிஞ்சியிருக்கும். அந்த நோட்டுப் புத்தகப் பையன் மாதிரி ஆட்களுக்குக் கொடுத்திருந்தால் இரண்டு தேர்தலிலும் அதே காசு வேலை செய்திருக்கும்.

எட்டாம்வாய்ப்பாடு சொன்ன பயத்துக்கு வருகிறேன். அது உண்மையான பயம், அதற்கு மருந்து ஒளிப்பது இல்லை. அந்தக் குழு தன் வரவு செலவைத் தானே வெளியிடுகிறதா, உள்நாட்டுச் சட்டப்படி பதிவு செய்திருக்கிறதா, வெளிநாட்டுப் பணம் வாங்கினால் யாரிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிகிறதா, இதைக் கேளுங்கள். உங்கள் பெயரை பனியனில் அச்சடிக்கச் சொல்லாதீர்கள். படம் கேட்காதீர்கள். நான் போன ஒரு நாட்டில் நிதி கொடுத்தவர்களின் சின்னங்கள் ஆறு, பார்வையாளரின் முதுகில் வரிசையாக இருந்தன. பார்த்த கிழவர், "இவர் எந்தக் கட்சி, இத்தனை சின்னம்?" என்று கேட்டார்.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். "நீங்கள் விரும்புகிற ஆள் தோற்று, தேர்தல் ஒழுங்காக நடந்திருந்தால், அந்த அறிக்கையில் கையெழுத்துப் போடப்போவது உங்களில் யார்?" உடனே ஒரு பெயர் சொன்னால் நல்ல குழு. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால் யோசியுங்கள்.

எதற்குக் கொடுப்பது என்றால், தேர்தல் நாளுக்குக் கொடுக்க எல்லாரும் வருவார்கள். தேர்தல் முடிந்த அடுத்த மாதம் ஒருவரும் இருக்க மாட்டார்கள். குழுவின் அலுவலகம் பூட்டப்படும், பயிற்சி பெற்றவர்கள் வேறு வேலைக்குப் போவார்கள், அடுத்த தடவை எல்லாம் முதலிலிருந்து. அதனால் நீங்கள் ஐந்து வருடம் முன்னாலேயே கேட்டது அசட்டுத்தனம் இல்லை, இந்த இழையிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். ஒரு கணக்காளருக்கு இரண்டு வருடச் சம்பளம் கொடுங்கள். நன்கொடையாளர்களுக்கு அலுப்பூட்டுகிற செலவு, அதனால் யாரும் கொடுப்பதில்லை. கணக்கு சுத்தமாக இருக்கிற குழுவைத்தான் எந்த அரசாலும் எளிதில் மிரட்ட முடியாது.

பிறகு வாக்காளர் பட்டியல் சோதனை. தேர்தலுக்குப் பல மாதம் முன்பு செய்வது. பட்டியலிலிருந்து குலுக்கி எடுத்த பெயர்களைத் தேடி ஊருக்குப் போவார்கள்: ஆள் இருக்கிறாரா, இறந்துவிட்டாரா, இடம் மாறினாரா? அடுத்து ஊரில் குலுக்கி எடுத்த ஆட்களைப் பட்டியலில் தேடுவார்கள். முதலாவது பேய் ஓட்டைக் காட்டும், இரண்டாவது விடுபட்டவர்களைக் காட்டும். நடந்து நடந்து செருப்புத் தேய்கிற வேலை, எந்தத் தொலைக்காட்சியும் வராது. பேருந்துக் கட்டணமும் சாப்பாடும்தான் செலவு.

வழக்குச் செலவைப் பற்றி நான் பேசத் தயங்குவேன். 2019 வழக்கில் ஜெயித்தது ஆதாரத் தாள்கள். ஆனால் வெளிநாட்டுப் பணம் ஒரு தரப்பு வக்கீலுக்குப் போனது என்று ஒரு வரி செய்தி வந்தால் போதும், தீர்ப்பே நாறிப்போகும். அங்கே போக வேண்டாம்.

---

எட்டாம்வாய்ப்பாடு

கணக்காளர் சம்பளம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மற்றதில் என் சந்தேகம் அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த ஆறு சின்னக் கதைக்காக ஒரு லைக்.

---

நடைவண்டி

கடைசிச் செய்தி. நேற்று நண்பன் அந்தப் பையனோடு ஒரு மணி நேரம் பேசினான். அக்கா சொன்ன கேள்வியைக் கேட்டானாம். "கையெழுத்தா? எங்கள் தலைவி போடுவார். 2025-இல் போட்டார், அவர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று எங்களுக்குத் தெரியும், அதனால்தான் அவர் போட்டதை மதித்தோம்" என்றான்.

என்ன வேண்டும் என்று கேட்டதற்கு ஒரு பட்டியல் அனுப்பினான். முதல் வரி கணக்காளர் இல்லை, அலுவலக வாடகை. ஏழு மாதப் பாக்கி. இரண்டாவது கணக்காளர். நடுவில் பட்டியல் சோதனைக்குப் பயணச் செலவு. கடைசி வரி தலைவிளக்கு, நெற்றியில் கட்டிக்கொள்வது. லாரியின் பின்னால் உட்கார்ந்து எழுதும்போது இரண்டு கையும் வேண்டுமாம். 11 பேரும் வாடகைக்கும் கணக்காளருக்கும் சரி என்று சொல்லிவிட்டோம். அவர்கள் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு மற்றது.

ஐந்தாவது ஆள் மட்டும் 2030-இல் போயே தீருவேன் என்கிறான். எதாவது பெரிய குழுவில் முறைப்படி விண்ணப்பிக்கப் போகிறானாம். அவனுக்கு என்ன சொல்ல?

---

தாள்கட்டு

போகட்டும், நானும் அப்படித்தான் போனேன். எண்ணி முடிக்கிறவரை அறையில் இருக்கச் சொல்லுங்கள். யாராவது தப்பாகக் கூட்டினால் நாக்கைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். டெட்ஸா பக்கம் போட்டால், செப்டம்பரானாலும் ஒரு ஸ்வெட்டர்.